கூன் குதிரை: ஒரே பெயரில் இரண்டு ரஷ்ய பாலேக்கள், ஒரு பழைய படம்

ரஷ்ய பாலே நடனக்காரி மாயா ப்ளிசெட்ஸ்காயாவின் பெயரை இணையத்தில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 'அன்ன ஏரி' பாலேக்குப் போய்ச் சேருவார்கள். அதையும் தாண்டித் தேடினால் வேறொரு படம் கிடைக்கும். 1961இல் எடுத்த வண்ணப் படம். அதில் அவர் அன்னம் அல்ல, ரஷ்யக் கதைகளில் வரும் ஜார் கன்னி. அவருக்கு ஜோடி இளவரசன் அல்ல, ஊரே முட்டாள் என்று சொல்லும் ஒரு குடியானவப் பையன். கூடவே காது நீண்ட ஒரு கூன் குதிரை, வயசான காலத்தில் கல்யாண ஆசை பிடித்த ஒரு ஜார். படத்தின் பெயரைத் தமிழில் 'கூன் குதிரையின் கதை' எனலாம்.

பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போகும். அப்புறம் விவரம் தேடப் போனால் குழப்பம் தொடங்கும். ஓரிடத்தில் இசை செசாரே பூனி, ஆண்டு 1864 என்று இருக்கும். இன்னோரிடத்தில் இசை ரோதியோன் ஷெட்ரின், ஆண்டு 1960 என்று இருக்கும். ஒன்றில் கதையின் அரசன் ஜார், மற்றதில் கான். 2009 என்று இன்னோர் ஆண்டும் அடிபடும். இவை எல்லாமே சரியான தகவல்கள்தான், ஆனால் ஒரே படைப்பைப் பற்றியவை அல்ல. இதை அவிழ்க்க, கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கதை

ஒரு கிழவனுக்கு மூன்று மகன்கள். கடைசிப் பிள்ளை இவான், சோம்பேறி, அப்பாவி. கோதுமை வயலை இரவில் ஏதோ வந்து மிதித்து நாசம் செய்கிறது. அண்ணன்மார் காவலுக்குப் போய் ஏமாற்றிவிட்டு வருகிறார்கள். இவான் போகிறான், பொன்பிடரி கொண்ட வெள்ளைப் பெண்குதிரையைப் பிடிக்கிறான், வாலைப் பிடித்தபடி அதன் மேல் திரும்பி உட்கார்ந்து சவாரி செய்கிறான். அது தன் விடுதலைக்கு விலையாக இரண்டு அழகான குதிரைகளையும் ஒரு கூன் குதிரையையும் தருகிறது. "அழகானவற்றை விற்றாலும் விற்றுக்கொள், கூனனை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே" என்பதுதான் நிபந்தனை.

மூலக்கதை இந்தக் குதிரைக்குத் தரும் அளவுகளைப் பாருங்கள். உயரம் மூன்று வெர்ஷோக், காது ஒரு அர்ஷீன், முதுகில் இரண்டு கூன். எழுத்துப்படி கணக்குப் போட்டால் குதிரையின் உயரம் 13 சென்டிமீட்டர், காதின் நீளம் 71 சென்டிமீட்டர். இப்படி ஓர் உருவத்தை மேடையில் எப்படிக் காட்டுவது என்ற கேள்வி இந்தக் கதையை எடுத்த ஒவ்வொரு நடன அமைப்பாளருக்கும் வந்திருக்கும்.

அழகான இரு குதிரைகளும் ஜாரின் லாயத்துக்குப் போகின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்ள இவானும் போகிறான். அரண்மனையில் பொறாமைக்காரன் ஒருவன் ஜாரின் காதைக் கடிக்க, வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நெருப்புப் பறவையைப் பிடித்து வா, ஜார் கன்னியைக் கொண்டு வா, கடலின் அடியில் கிடக்கும் மோதிரத்தை எடுத்து வா. எல்லாவற்றையும் இவான் கூன் குதிரையின் துணையோடு முடிக்கிறான். கடைசியில் ஜார் கன்னி ஒரு நிபந்தனை வைக்கிறாள். கிழவனை நான் கட்டிக்கொள்ள மாட்டேன், நீ இளைஞனாக வேண்டும், மூன்று கொப்பரைகளில் குதித்து வா. ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் கொதிநீர், ஒன்றில் கொதிக்கும் பால். ஜார் முதலில் இவானைக் குதிக்கச் சொல்கிறான். குதிரை மந்திரம் செய்கிறது, இவான் அழகனாக வெளியே வருகிறான். ஜார் குதிக்கிறான், வெந்து சாகிறான். ஜார் கன்னியும் நாடும் இவானுக்கு.

மாஸ்கோ பதிப்பகங்கள் தமிழில் வெளியிட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிலையங்களில் மலிவு விலைக்குக் கிடைத்த ரஷ்ய நாடோடிக் கதைகளைச் சிறுவயதில் படித்தவர்களுக்கு நெருப்புப் பறவையும் முட்டாள் இவானும் பழகியவர்கள். ஆனால் இது நாடோடிக் கதைகளை நூலாகக் கொண்டு ஒருவர் நெய்த நெடுங்கவிதை. அவர் யார் என்று தெரிந்தால்தான், கொப்பரைக் காட்சி ஏன் நூறு வருடங்களுக்கு மேல் அதிகாரிகளை நெளிய வைத்தது என்பது புரியும்.

பத்தொன்பது வயதுக் கவிஞனும் தணிக்கையும்

பியோத்தர் எர்ஷோவ் 1815இல் சைபீரியாவின் இஷிம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 19 வயதில், 1834இல் இதை வெளியிட்டார். பிறகு சைபீரியாவுக்கே திரும்பி, தபோல்ஸ்க் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். தனிம அட்டவணை தந்த மெண்டலீவ் அந்தப் பள்ளியின் மாணவர், பின்னாளில் எர்ஷோவின் வளர்ப்பு மகளையே மணந்தார்.

குடியானவப் பையன் அரசனாகிறான், ஜார் வெந்து சாகிறான். நிக்கலாய் மன்னரின் காலத்தில் இது சும்மா விடக்கூடிய கதை அல்ல. முதல் பதிப்பிலேயே தணிக்கையின் கத்தி விழுந்தது. 1843 பதிப்புக்குப் பிறகு மறுபதிப்புக்கு வழி அடைந்துபோய், முழுமையான பதிப்பு வர 1856 ஆனது. நிக்கலாய் அதற்கு முந்தைய ஆண்டு இறந்துவிட்டார். இடைப்பட்ட வருடங்களில் மக்கள் இதைச் சொல்லிச் சொல்லியே காப்பாற்றினார்கள். வாய்மொழியிலிருந்து வந்த கதை வாய்மொழிக்கே திரும்பிப் போய்க் காத்திருந்தது.

1864: ஜார் கான் ஆகிறார்

முதல் பாலே பீட்டர்ஸ்பர்க்கில் 1864 டிசம்பரில் மேடையேறியது. 'கூன் குதிரை, அல்லது ஜார் கன்னி' என்று பெயர். நடனம் அமைத்தவர் பிரெஞ்சுக்காரரான ஆர்தூர் சேன்-லியோன். ஆறு வருடம் கழித்து பாரிஸில் 'கொப்பேலியா'வை உருவாக்கியவரும் இவர்தான். இசை இத்தாலியரான செசாரே பூனியுடையது. ரஷ்யக் கதையை எடுத்துக்கொண்ட முதல் பெரிய பாலே என்று வரலாற்று நூல்கள் சொல்வது இதைத்தான். அதை ஒரு பிரெஞ்சுக்காரரும் ஓர் இத்தாலியரும் செய்தார்கள் என்பதில் வியக்க ஒன்றும் இல்லை. அன்றைய பேரரசின் நாடகசாலைகளில் நடன அமைப்பாளர்களும் இசையமைப்பாளர்களும் பெரும்பாலும் வெளிநாட்டவரே.

அந்த பாலேயின் தன்மையைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்கள் போதும்.

1. அரசன் இங்கே ஜார் அல்ல, கான். பேரரசரின் சொந்த நாடகசாலையில் ஜாரை வேகவைக்க முடியாது. கீழ்த்திசை கான் ஒருவரை அந்த இடத்தில் வைத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கான் வந்ததும் அந்தப்புரமும் கூடவே வந்தது, அந்தப்புரம் வந்தால் பெண்கள் ஆட ஒரு காட்சியும் ஆயிற்று. கதையின் முள் போய்விட்டது, கண்ணுக்கு விருந்து கூடிவிட்டது.

2. கடைசியில் பேரரசின் பல இனத்தவரும் வரிசையாக வந்து ஆடினார்கள். கதை நகராமல் நின்று, நடனத்துக்காகவே நடனம் நடக்கும் இத்தகைய பகுதிக்கு பாலேயில் டிவெர்டிஸ்மென்ட் என்று பெயர். பார்வையாளர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

3. இவானின் பங்கு பெரும்பாலும் மைம், அதாவது முகத்தாலும் கையாலும் கதை சொல்லும் நடிப்பு. ஆடுவதெல்லாம் பெண்களின் வேலை. நாயகன் ஆடும் காலம் வர இன்னும் நாளாகும்.

இந்த பாலே நன்றாகவே ஓடியது. 1895இல் மரியுஸ் பெத்திபா இதைப் புதுப்பித்து, இத்தாலிய நடனக்காரி பியெரீனா லெஞ்ஞானியை ஜார் கன்னியாக ஆடவைத்தார். 1901இல் கோர்ஸ்கி மாஸ்கோவின் பல்ஷோய் மேடைக்குத் தன் பாணியில் மாற்றினார். ஒவ்வொரு முறையும் புது நடனங்களும் வேறு இசையமைப்பாளர்களின் துண்டுகளும் உள்ளே நுழைந்தன. அன்று அது வழக்கம், யாரும் தவறாக நினைக்கவில்லை. இன்று முழு பாலேயும் மேடையில் இல்லை. 'கடலும் முத்துகளும்' என்ற மூவர் நடனம் போன்ற சில துண்டுகள் மட்டும் ரஷ்ய பாலே பள்ளிகளின் நிகழ்ச்சிகளில் உயிரோடு இருக்கின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. 1890களில் பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்தெபானொவ் என்பவர் வகுத்த குறியீட்டு முறையில் பல பாலேக்களின் அசைவுகளைத் தாளில் எழுதி வைத்தார்கள். புரட்சிக்குப் பிறகு நிக்கலாய் செர்கேயெவ் அந்தத் தாள்களை நாட்டைவிட்டு எடுத்துச் சென்றார். அவை இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 'கூன் குதிரை'யும் அவற்றில் ஒன்று. அதாவது பழைய பாலேக்கு எழுத்துப் பிரதி இருக்கிறது, ஆடுகிறவர் இல்லை. 1960இன் பாலேக்கு நிலைமை நேர் எதிர். அதை நாம் பார்க்க முடிவது பெரும்பாலும் படத்தால்தான்.

1960: ஷெட்ரினின் இசை

1950களில் பல்ஷோய் அதே கதைக்குப் புதிய இசை கேட்டபோது ரோதியோன் ஷெட்ரின் மாஸ்கோ இசைக்கல்லூரி மாணவர். 1932இல் பிறந்தவர், இந்த இசையை எழுதியபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். சிறுவயதுக் கோடைகளை அலெக்சின் என்ற ஆற்றங்கரைச் சிற்றூரில் கழித்தவர். அங்கே காதில் விழுந்த பாட்டுகளும், கிராமத்தார் குத்தலாகக் கட்டிப் பாடும் சாஸ்தூஷ்கா என்ற நாலடிப் பாடல்களும் அவருடைய ஆரம்பகால இசை முழுக்கப் படிந்திருக்கின்றன. பூனியின் பாலேக்கும் இதற்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுவே. பூனியின் இசை ஆடுகிறவரின் காலுக்கு வசதியாக இருந்தால் போதும் என்று எழுதியது. ஷெட்ரினின் இசை தானே ஒரு பாத்திரமாக நின்று கிண்டல் செய்கிறது, தடுமாறுகிறது, கும்மாளம் போடுகிறது. பெண்களின் வட்ட நடனத்தையும், ஸ்கொமரோகி எனும் கோமாளிகளின் ஆட்டத்தையும் கேட்டாலே இது விளங்கும்.

இந்த இசையை ஷெட்ரின் ப்ளிசெட்ஸ்காயாவுக்குக் காணிக்கையாக்கினார். இருவரும் 1958இல் திருமணம் செய்துகொண்டார்கள். பாலே மேடையேறியது 1960 மார்ச் 4 அன்று. நடனம் அமைத்தவர் அலெக்சாந்தர் ரதூன்ஸ்கி. லிப்ரெட்டோவை, அதாவது காட்சி வாரியான கதைத்திட்டத்தை, எழுதியவர்கள் வசீலி வைனோனெனும் பாவெல் மல்யாரெவ்ஸ்கியும். அதில் கான் போய்விட்டார், ஜார் திரும்பி வந்தார். சோவியத் மேடையில் ஜாரைக் கேலி செய்யத் தடை ஏது? 1834இல் ஆபத்தாக இருந்த முடிவு 1960இல் சிறுவர் காலைக் காட்சிக்கு ஏற்ற சிரிப்பாக மாறியிருந்தது. கதையின் ஒரு வரிகூட மாறவில்லை, பார்க்கும் அரசு மாறியது, அவ்வளவுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வயதுக் கணக்கு. கவிதை எழுதியபோது எர்ஷோவுக்கு 19. இசை எழுதியபோது ஷெட்ரினுக்கு இருபத்திச் சொச்சம். 1960 மார்ச்சில் இவானாக ஆடிய விளாதிமிர் வசீலியெவுக்கும் 19. பிற்காலத்தில் 'ஸ்பார்ட்டகஸ்' ஆடி உலகப் புகழ் பெற்ற அதே வசீலியெவ்தான். முதிர்ந்த கையில் பட்டிருந்தால் இந்தக் கதை நீதி போதிக்கப் போயிருக்கும். இளையவர்கள் கையில் இருந்ததால்தான் இது துள்ளுகிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

பாலே படத்தில் இரண்டு வகை

இங்கே படம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் 1961 படத்தை அது என்ன என்று புரியாமலே குறை சொல்ல நேரும்.

முதல் வகை, மேடைப் பதிவு. அரங்கில் பார்வையாளர் முன்னால் நடப்பதை நான்கைந்து கேமராக்கள் பதிவு செய்யும். நடனம் முழுமையாக இருக்கும், ஆடுகிறவரின் களைப்பும் தெரியும், கைத்தட்டலும் கேட்கும். இன்று திரையரங்குகளில் நேரலையாக ஓடுவது இந்த வகை.

இரண்டாம் வகை, பாலேயைப் படமாக மறு ஆக்கம் செய்வது. முதலில் இசைக்குழு வாசித்ததைப் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு அந்த ஒலியை ஓடவிட்டு, ஆடுகிறவர்கள் அதற்கு ஆடுவார்கள். மேடையில் இசைக்குழுவின் நடத்துநர் ஆடுகிறவரின் காலைப் பார்த்து வேகத்தை ஒரு நொடி தளர்த்தித் தருவார். இங்கே அதற்கு இடமில்லை, பதிவான இசை யாருக்காகவும் நிற்காது. காட்சிகள் துண்டு துண்டாக எடுக்கப்படும், வெட்டிச் சேர்க்கப்படும், கேமரா தந்திரங்கள் புகும். மாலை முழுக்க ஓடும் பாலே ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கும்.

சோவியத் நாட்டில் 1950களிலும் 60களிலும் இந்த இரண்டாம் வகை செழித்தது. பல்ஷோய் நடனக்காரி உலானவா நடித்த 'ரோமியோ ஜூலியட்' 1955இல் பிரான்சின் கான் (Cannes) திரைவிழாவில் பரிசு பெற்றது. அதில் ஜூலியட்டின் தந்தையாக வந்தவர் இதே ரதூன்ஸ்கி. 1964இல் அல்லா சீஸவாவும் யூரி சலவியோவும் நடித்த 'உறங்கும் அழகி' வந்தது. பல்ஷோய் அரங்குக்குச் சீட்டு எடுக்க வழியில்லாத, மாஸ்கோவையே பார்த்திராத கோடிக்கணக்கானவர்களிடம் பாலே போய்ச் சேர்ந்தது இந்தப் படங்களால்தான். ப்ளிசெட்ஸ்காயா விஷயத்தில் இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அவருடைய தந்தை 1938இல் ஸ்டாலின் காலக் களையெடுப்பில் சுட்டுக் கொல்லப்பட்டவர், தாய் முகாமில் அடைபட்டவர். அரசு இவரைச் சந்தேகத்தோடே பார்த்தது. பல்ஷோய் குழு 1956இல் முதன்முதலாக லண்டன் போனபோது இவரை விட்டுவிட்டுப் போனது. 1959 வரை பெரிய மேற்கத்தியப் பயணங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. உடல் போக முடியாத இடங்களுக்குப் படச்சுருள் போனது.

'கூன் குதிரையின் கதை' இந்த இரண்டாம் வகை. இயக்கியவர் ஸோயா துலூபியேவா. 1957இல் ப்ளிசெட்ஸ்காயாவை வைத்து 'அன்ன ஏரி'யைப் படமாக்கியவரும் அவரே. அதனால் இந்த நடனக்காரியின் உடல்மொழி அவருக்குப் புதிதல்ல.

படத்தில் எதைப் பார்ப்பது

முதலில் ஜார். நடனம் அமைத்த ரதூன்ஸ்கியே ஜாராக நடிக்கிறார். மைம் கலையில் பல்ஷோயின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். மேடையில் நாற்பதாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மைம் என்றால் கை அசைவு மட்டும்தான். படத்தில் கேமரா கிட்டப் போகிறது, முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் பேசுகிறது. பாலே தெரியாதவர்கள் இந்தப் படத்தில் முதலில் ஒட்டிக்கொள்வது ஜாரிடம்தான். அதில் தப்பில்லை. பாலே என்பது கால்விரலில் நிற்பது மட்டும் அல்ல, நடிப்பும் அதன் பாதி என்பதை இவ்வளவு எளிதாகக் காட்டும் படங்கள் குறைவு.

அடுத்து வசீலியெவ். பாலேயின் அடிப்படை, கால்களை இடுப்பிலிருந்தே வெளிப்பக்கமாகத் திருப்பி ஆடுவது. இளவரசர் பாத்திரங்கள் முதுகை நிமிர்த்தி, கால்களை வெளியே திருப்பி, ஒவ்வொரு தாவலின் முடிவிலும் சுத்தமான ஒரு நிலையில் வந்து நிற்கும். இவானுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. அவன் கிராமத்துப் பையன். ஆனால் அவனை ஆடுகிறவரோ அந்த அளவுகோலில் முதல் தரமானவர். தடுமாறுவது போன்ற ஒவ்வோர் அசைவுக்கும் அடியில் முழுக் கட்டுப்பாடு இருக்க வேண்டும், அது வெளியே தெரியவும் கூடாது. கொப்பரைக்கு முன்னால் இருந்த இவானின் தோள், கழுத்து, பாதம் மூன்றையும் கொப்பரைக்குப் பின்னால் வரும் இவானுடையவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடையைவிட அங்கேதான் மந்திரம் அதிகம்.

அப்புறம் ப்ளிசெட்ஸ்காயா. அன்னமாக அவர் ஆடியதை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் சோகத்தின் உருவம். இங்கே அவர் குறும்பு. கிழட்டு ஜாரைக் கேலி செய்யும்போதும் அந்தக் கைகள், எலும்பே இல்லாததுபோல் தோளிலிருந்து விரல்நுனி வரை அலையாக ஓடும் அதே கைகள்தான். ஆனால் சொல்லும் சேதி வேறு. அவருடைய நகைச்சுவையைப் படத்தில் பார்க்கக் கிடைக்கும் அரிய இடங்களில் இது ஒன்று. இந்தப் படத்தைத் தேடிப் பார்க்க இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

கூன் குதிரையை அல்லா ஷெர்பினினா என்ற நடனக்காரி ஆடுகிறார். 13 சென்டிமீட்டர் குதிரைக்கு மேடை கண்ட விடை இதுதான்: அளவை விட்டுவிடு, துடுக்கைப் பிடித்துக்கொள்.

குறைகளும் உண்டு. சாயம் மங்கிய பிரதிகளே பெரும்பாலும் சுற்றுகின்றன. சில இடங்களில் கேமரா முகத்தைக் காட்டும் ஆசையில் காலை வெட்டிவிடுகிறது, ஆடுகிறவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. தந்திரக் காட்சிகள் இன்றைய கண்ணுக்கு எளிமையாகத் தெரியும். தேவதைக் கதைக்கு அந்த எளிமை பொருத்தமாகவே இருக்கிறது என்பது என் கருத்து.

ஏன் வெளியே தெரியாமல் போனது

ரஷ்யாவில் கூன் குதிரையைத் தெரியாத குழந்தை இல்லை. வெளியே பாலே ரசிகர்களிலேயே பலருக்குத் தெரியாது. இதற்குக் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை.

1. வெளிநாட்டுப் பயணங்களில் குழுக்கள் எடுத்துப்போனது சீட்டு விற்கும் என்று உறுதியாகத் தெரிந்தவற்றை: 'அன்ன ஏரி', 'ஜிசெல்', 'ரோமியோ ஜூலியட்'. கதை தெரியாத கூட்டத்தின் முன் நகைச்சுவை பாலே ஆடுவது எளிதல்ல. சோகம் மொழி தாண்டும், கேலிக்குப் பின்னணி தெரிய வேண்டும்.

2. மேற்கின் கண்ணில் பாலே நாயகன் இளவரசன், நாயகி காற்றில் மிதப்பவள். இங்கே நாயகன் குடியானவன், நாயகி வெகுநேரம் கழித்தே வருகிறாள். நட்சத்திர நடனக்காரியின் பெயரில் சீட்டு விற்கும் முறைக்கு இது ஒத்துவராது.

3. செலவு. அரண்மனை, நெருப்புப் பறவைகள், கடலடி உலகம், மூன்று கொப்பரைகள், பெரிய கூட்டம். சிறிய குழு நினைத்தாலும் செய்ய முடியாது.

4. பாலேயின் அடிப்படைப் பலவீனம். இசைக்கு அச்சிட்ட பிரதி இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஷெட்ரின் இதிலிருந்து கச்சேரிக்கென்று தொகுப்புகளும் எடுத்தார். நடனமோ ஆடியவர்களின் உடலில் இருக்கிறது. ஓர் ஆட்டக்காரர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் சங்கிலி அறுந்தால் அசைவுகள் போய்விடும். பிறகு வருகிறவர்கள் அதே இசைக்குப் புதிதாக அமைத்துக்கொள்வார்கள்.

நான்காவதுதான் நடந்தது. 1963இல் லெனின்கிராடில் ஈகர் பேல்ஸ்கி தன் பாணியில் அமைத்தார். 2009இல் பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்குக்காக அலெக்சேய் ரத்மான்ஸ்கி முற்றிலும் புதிதாக அமைத்தார். ரதூன்ஸ்கியின் அசைவுகளை வசீலியெவும் ப்ளிசெட்ஸ்காயாவும் ஆடக் காண இன்று நமக்கு இருக்கும் வழி அந்த 1961 படம்தான். சுருக்கியது, வெட்டிச் சேர்த்தது என்று குறை சொல்லும் அதே படமே அந்த நடனத்தின் முதன்மைச் சான்று.

கையில் கிடைத்தது எது என்று கண்டுபிடிக்க

1. ப்ளிசெட்ஸ்காயா, வசீலியெவ், ரதூன்ஸ்கி என்ற பெயர்கள் இருந்தால் அது 1961 பல்ஷோய் படம். இசை ஷெட்ரின்.

2. நடத்துநர் வலேரி கெர்கியெவ், ஜார் கன்னி அலீனா சோமவா, இவான் விளாதிமிர் ஷ்க்லியாரொவ் என்று இருந்தால் அது ரத்மான்ஸ்கியின் மரீன்ஸ்கி பாலே. முதல் வகை, மேடைப் பதிவு. இசை அதே ஷெட்ரின், நடனம் முற்றிலும் வேறு. மாக்சிம் இசாயெவின் காட்சியமைப்பு கோபுரம், பூவேலைப்பாடு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்க ரஷ்ய ஓவியர்களின் தட்டையான வடிவங்களையும் அடர்ந்த நிறங்களையும் பிடித்துக்கொள்கிறது.

3. பூனி, சேன்-லியோன், பெத்திபா, கோர்ஸ்கி பெயர்கள் வந்தால் அது பழைய பாலேயின் துண்டு. சில நிமிட நடனமாகவே இருக்கும்.

4. 1941இல் அலெக்சாந்தர் ரோவ் எடுத்தது பேசும் படம். 1947இலும் 1975இலும் இவானொவ்-வனோ எடுத்தவை கார்ட்டூன்கள். 2021இல் வந்தது கணினி வரைகலை நிறைந்த பொழுதுபோக்குப் படம். கதை ஒன்றுதான், பாலே அல்ல.

முதல் இரண்டும் கிடைத்தால் வரிசையாக முழுதும் பார்க்காமல், ஒரே இசைப்பகுதியை இரண்டிலும் அடுத்தடுத்துப் பாருங்கள். பெண்களின் வட்ட நடனம் அதற்கு நல்ல இடம், அல்லது ஜார் தன் வயதை மறந்து ஜார் கன்னியின் பின்னால் ஓடும் பகுதி. ரதூன்ஸ்கி இசையின் சிரிப்பைப் பெரும்பாலும் நடிப்புக்குக் கொடுக்கிறார், ஆட்டம் நின்று முகம் பேசும். ரத்மான்ஸ்கி அதே சிரிப்பைக் காலுக்குக் கொடுக்கிறார், யாரும் நிற்பதே இல்லை. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஐம்பது வருட இடைவெளி. கீழே ஓடுவது இருபதுகளைத் தாண்டாத ஷெட்ரின் எழுதிய அதே சுரங்கள்.